கண்மாயை மீட்டோம், மடையைத் திறக்க ஆள் இல்லை: ஊர்ப் பொதுத்தண்ணீரை யார் பார்த்துக்கொள்வது?

#1 வைகைத்தென்கரை

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் எங்களுடையது ஒரு மானாவாரிக் கண்மாய். ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் வயல், 180 ஏக்கர். தண்ணீர் திறந்துவிட மூன்று மடை, நிறைந்தது வழிய ஒரு கலுங்கு. மேலே இருக்கிற கண்மாய் நிறைந்து அதன் கலுங்கு பாய்ந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். 2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது நினைவிருக்கும். அந்த வருடம் எங்கள் கண்மாய்க்குள் சீமைக்கருவேலத்தைத் தவிர வேறு பச்சை கிடையாது.

2017 தை மாதம் எங்கள் ஊர்ப் பையன்கள் இருபது பேர் ஜல்லிக்கட்டுக்காக மதுரை தமுக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். திரும்பி வந்தவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டிருந்த நேரம். முதலில் அரிவாளும் கோடாலியுமாக இறங்கினோம், அப்புறம் வெளிநாட்டில் இருப்பவர்களிடம் காசு திரட்டி ஜேசிபி வைத்தோம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் இரண்டு இடத்தில் ஆக்கிரமிப்பில் இருந்தது. மனு கொடுத்தோம், நடக்கவில்லை. மறியல் செய்தோம், நடந்தது.

2021 கார்த்திகையில் கலுங்கு பாய்ந்தபோது ஊரே கரையில் நின்றது. கிடா வெட்டினோம்.

வம்பெல்லாம் அதற்குப் பிறகுதான். தண்ணீர் இல்லாத வரைக்கும் சண்டை இல்லை. இப்போது முதல் மடைக்காரர்கள் ராத்திரியில் திறந்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். கடைமடையில் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் வெடித்துக் கிடக்கிறது. மீன்பாசி (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலப் பணம் எங்கே என்று கேட்டால் கோயில் திருப்பணியைக் காட்டுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் 214 பேர் இருக்கிறோம். நடு மடை ஷட்டர் சிக்கிக்கொண்டது, வாருங்கள் என்று போட்டேன். நாற்பது பேர் கும்பிடும் படம் போட்டார்கள். மண்வெட்டியோடு வந்தது ஐந்து பேர்.

என் கேள்வி இதுதான். மறியல் செய்யத் தெரிந்த எங்களுக்கு ஒரு மடையை ஒழுங்காகத் திறந்து மூட ஏன் தெரியவில்லை? உங்கள் ஊரில் எப்படி?

#2 ஏரிக்கரையான்

உங்களுக்குத் தெரியாமல் போகவில்லை, மறந்து போய்விட்டது. நான் உத்திரமேரூர் பக்கம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஏரியைப் பார்க்கவே ஏரி வாரியம் என்று தனிக் குழுவே வைத்திருந்தவர்கள் நாம். குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள், வருடத்துக்கு ஒரு முறை மாற்றினார்கள். வெள்ளைக்காரன் வந்து எல்லாவற்றையும் பொதுப்பணித் துறை ஆக்கினான், ஊர்க்காரன் கையைக் கட்டி வேடிக்கை பார்க்க ஆரம்பித்தான். ஊர்க்காரர்களே சேர்ந்து ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தைப் பழையபடி கொண்டுவந்தால் போதும்.

#3 கல்வெட்டுப்பித்தன்

ஏரிக்கரையான் அண்ணே, அதைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமைக்கு மட்டும் எடுக்காதீர்கள், முழுசாகப் படியுங்கள். பராந்தக சோழன் காலம், 919லும் 921லும் வெட்டியது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். ஆனால் ஓலையில் யார் பெயரை எழுதலாம்? கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதம் ஓதியிருக்க வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலத்து, அதாவது பிராமணர் ஊரின், சபை. ஏரியில் மண் சுமந்தவன் பெயர் குடத்துக்குள் விழவே விழாது.

ஆனால் அதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விதி இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்வுக்கு வர முடியாது. வைகைத்தென்கரை, உங்கள் மீன்பாசிப் பணத்துக்கு இந்த ஒன்றை மட்டும் அமல்படுத்திப் பாருங்களேன்.

#4 வைகைத்தென்கரை

நெருங்கிய உறவினரும் என்றால் எங்கள் ஊரில் யாருமே மிஞ்ச மாட்டோம். எல்லோரும் மாமன் மச்சான்தான் :)

#5 பழைய_ஓவர்சியர்

நீர்ப்பாசன வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், பேச்சு வழி தவறாமல் இருக்கும்.

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் எல்லாம் சேர்த்துச் சுமார் 39,000. நூறு ஏக்கர், அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் அரசின் நீர்வளத் துறை பொறுப்பு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். 180 ஏக்கர் என்பதால் உங்கள் கண்மாய் முதல் வகை. ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தனிச் சட்டமே வந்தது. புறம்போக்கையும் ஊர்ப் பொதுநிலத்தையும் வளைத்தவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கக் கூடாது என்று 2011 ஜனவரியில் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துச் சொன்னது. ஜக்பால் சிங் வழக்கு. மனு எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள், வேலை செய்யும்.

குடிமராமத்து என்ற பெயரில் அரசுத் திட்டம் 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் தொடங்கியது. முதல் கட்டம் 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ போட வேண்டும் என்பது விதியாக இருந்தது. யோசனை நல்ல யோசனை. நான் நேரில் பார்த்த சில ஊர்களில் அந்தப் பத்தில் ஒரு பங்கு காகிதத்தில்தான் விழுந்தது. விவசாயிகள் சங்கத் தலைவர் என்று கையெழுத்துப் போட்டவரே ஒப்பந்தக்காரருக்கு மைத்துனராக இருப்பார். நன்றாக நடந்த ஊரும் உண்டு. வித்தியாசம் பணத்தில் இல்லை. வேலை தொடங்குகிறதற்கு முன்பே அங்கே ஊர்க்கூட்டம் கூடுகிற வழக்கம் இருந்ததா என்பதில்தான் இருந்தது.

ஏரிக்கரையான், இன்னொன்று. 'பழைய குடிமராமத்து' எல்லோரும் விரும்பிச் செய்தது என்று நினைக்க வேண்டாம். 1858இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். வழக்கப்படி செய்ய வேண்டிய மராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க அதில் இடம் இருந்தது. தானாக வந்துகொண்டிருந்தால் சட்டம் எதற்கு?

#6 ஏரிக்கரையான்

சட்டம் போட்டதே வெள்ளைக்காரன்தானே ஐயா. அவன் வரியை உறிஞ்சி ஊரை ஓட்டாண்டி ஆக்கினதால்தான் வரவில்லை.

#7 கல்வெட்டுப்பித்தன்

அதுவும் உண்மை. ஆனால் மண் சுமக்க வந்தது பண்ணையாள். நிலத்துக்காரர் குடையோடு கரையில் நின்றார். இதுவும் உண்மை.

#8 மடைக்குடும்பன்_பேரன்

பேச்சு இங்கே வந்து நிற்கும் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். நெல்லை மாவட்டம். எங்கள் பக்கம் கண்மாய் என்று சொல்வதில்லை, குளம். கலுங்கு பாய்வதை மறுகால் பாய்கிறது என்போம். என் தாத்தா குளத்துக்கு நீர்பாய்ச்சி. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா.

வேலை என்ன என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை, 'மடை திறக்கிற ஆள்' என்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாத்தா வீட்டில் படுத்து நான் கேள்விப்பட்டதில்லை. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையிலேயே கிடப்பார். நண்டு வளை, எலி வளை எங்கே இருக்கிறது, கரை எங்கே கசிகிறது என்று காலால் தடவியே சொல்வார். வைக்கோலையும் களிமண்ணையும் பிசைந்து வைத்திருப்பார். பழைய மடைகளில் ஷட்டர் கிடையாது. நிறைகுளத்தில் நீந்திப் போய், மூச்சடக்கி முங்கி, அடைப்பைப் பிடுங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பாட்டி கரையில் நின்று எண்ணிக்கொண்டே இருப்பாளாம்.

குளம் பெருகினால் யாருக்கும் முறை கிடையாது, ஓடுகிற தண்ணீர் ஓடட்டும். மடைக்கல்லில் ஒரு கோடு இருக்கும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கியதும் முறை வைப்பார்கள். இத்தனை ஏக்கருக்கு இத்தனை நாழிகை. அன்றிலிருந்து நிலத்துக்காரன் யாரும் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு வரக் கூடாது. வாமடையை (வாய்க்காலில் இருந்து வயலுக்குத் தண்ணீர் போகும் வாயை) வெட்டுவதும் அடைப்பதும் தாத்தா கை மட்டும்தான். வயலுக்கு உரியவன் வரப்பில்கூட நிற்கக் கூடாது என்று இருந்த வருடங்களும் உண்டு.

அவரிடம் ஏன் கொடுத்தார்கள்? அந்த ஆயக்கட்டில் அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. எந்த வயல் காய்ந்தாலும் அவருக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை, அதனால் நம்பினார்கள். கூலி அறுப்பில் களத்துமேட்டில். ஏக்கருக்கு ஒரு கட்டுக் கதிர். விளைந்தால்தான் அவருக்கும் சோறு என்பதால் கடைமடை வரைக்கும் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்க்கிற அக்கறை அவருக்கு இருந்தது. நிலம் இருந்தவர்களுக்கு அந்த அக்கறை இருந்ததில்லை.

இதுவரைக்கும் கேட்க அழகாக இருக்கும். மீதியையும் கேளுங்கள். மடை பார்க்கிற அதே குடும்பம்தான் ஊரில் இழவு சொல்லப் போக வேண்டும், செத்த மாட்டைத் தூக்க வேண்டும். கூலிக் கட்டு வாங்கப் போனால் களத்துக்கு வெளியே நிற்க வேண்டும். ஒரு வறட்சி வருடம், பெரிய வீட்டு ஆள் ராத்திரி வந்து முறை மீறி மடையைத் திறந்தான். தாத்தா அடைத்தார். மறுபடி திறந்தான், மறுபடி அடைத்தார். விடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் சொன்னார். தன் வயலுக்குத் தண்ணீர் குறைந்த எல்லோருக்கும் நடந்தது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் அவரைக் கரையிலேயே வைத்து அடித்தார்கள். மண்வெட்டியைக் குளத்துக்குள் எறிந்துவிட்டு வந்தார். அப்பா தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனார். குளத்துக்கு அப்புறம் நீர்பாய்ச்சி கிடையாது.

அதன் பிறகு கிணறும் மோட்டாரும் வந்தன, 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் ஆனது. சொந்தத்தில் தண்ணீர் இருப்பவனுக்குக் குளம் எதற்கு? இப்போது எங்கள் குளத்தில் பாதி தாமரை.

ஆகவே, பழையபடி கொண்டுவாருங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: எதை?

#9 நெறியாளர்

இந்த இடத்தில் ஏழு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு வேறு இடம் பாருங்கள். இழை தொடரலாம்.

#10 வைகைத்தென்கரை

பேரன் தம்பி, இதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க வேலை ஓடவில்லை. எங்கள் ஊரிலும் ஒரு நீர்க்கட்டி இருந்தார், நீங்கள் சொல்லும் நீர்பாய்ச்சிதான், காலனிக்காரர். எப்போது நின்றார், ஏன் நின்றார் என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

#11 கரிமூட்டத்துக்காரி

அண்ணே, நான் ராமநாதபுரம் ஜில்லா. உங்கள் முதல் பதிவில் ஒரு வரி கண்ணில் குத்தியது, கேட்கலாமா? 'அரிவாளும் கோடாலியுமாக இறங்கினோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். யாரைக் கேட்டு இறங்கினீர்கள்?

சீமைக்கருவேலம் நல்ல மரம் என்று சொல்ல வரவில்லை. நீரை உறிஞ்சுகிறதோ இல்லையோ, கண்மாயை அடைத்துக்கொள்கிறது, முள் காலில் ஏறினால் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். எல்லாம் தெரியும். ஆனால் எங்கள் பக்கம் நிலம் இல்லாத வீடுகளுக்கு அடுப்பு எரிவது அதில்தான். மூட்டம் போட்டுக் கரி எடுத்து வியாபாரிக்குக் கொடுத்துத்தான் என் அம்மா என்னைக் கல்லூரிக்கு அனுப்பினாள். 2017இல் எங்கள் ஊருக்கும் பையன்கள் வந்தார்கள். பனியன் எல்லாம் அச்சடித்து, ட்ரோன் வைத்துப் படம் எடுத்தார்கள். வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றி விற்றார்கள், அந்தக் காசில் மறுபடி ஜேசிபி. நாலு வருடம் கழித்துத் தண்ணீர் நின்றது, சந்தோஷம். அது நிலம் உள்ளவர் வயலுக்குப் போனது. எங்களுக்கு விறகும் போனது, ஆடு ஒதுங்க நிழலும் போனது.

உங்கள் 214 பேரில் எத்தனை பேருக்கு ஆயக்கட்டில் நிலம் இல்லை? எத்தனை பேர் பொம்பளைகள்? மண்வெட்டியோடு ஐந்து பேர்தான் வந்தார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். மற்றவர்களுக்கு அந்த மடையில் என்ன இருக்கிறது?

#12 வைகைத்தென்கரை

நிலம் இல்லாதவர்கள் குழுவில் இருபது பேர் இருக்கலாம். பெண்கள் மூன்று பேர், அதில் ஒருவர் என் மனைவி. பதில் சொல்லத் தெரியவில்லை தங்கச்சி.

#13 முதுகலைமாணவன்

இதைத்தான் எங்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறார்கள். பொதுவில் விட்டால் ஆளாளுக்கு மேய்த்து மேய்ச்சல் நிலத்தை அழித்துவிடுவார்கள் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார். அப்படியெல்லாம் இல்லை, மக்கள் தாங்களே விதி போட்டுக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நேபாளத்து வாய்க்கால், சுவிட்சர்லாந்து மலை மேய்ச்சல், ஸ்பெயின் பாசனம் என்று தேடிப் போய்க் காட்டினார் எலினோர் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளாதார நோபல். அவர் சொன்ன விதிகளில் ஒன்று, கண்காணிக்கிறவர் பயன்படுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். இன்னொன்று, தப்புக்குத் தண்டனை சின்னதில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும்.

#14 மடைக்குடும்பன்_பேரன்

என் தாத்தா பதில் சொல்லத்தான் போனார் தம்பி. கேட்க ஆள் இல்லை. தண்டனையும் சின்னதில் தொடங்கவில்லை, தப்புச் செய்தவனுக்கும் விழவில்லை.

#15 முதுகலைமாணவன்

மன்னிக்கவும் அண்ணா. பாடத்தில் இது வரவில்லை.

#16 புனேவாசி

கரிமூட்டத்துக்காரி கேட்ட கேள்விக்கு மராட்டியத்தில் ஒரு பதில் முயற்சி நடந்திருக்கிறது. நான் வேலை பார்ப்பது புனேயில், பக்கத்தில்தான் புரந்தர் வட்டம். 1972 பஞ்சத்துக்குப் பிறகு அங்கே நாய்காவ் என்ற ஊரில் விலாஸ்ராவ் சாளுங்கே என்ற பொறியாளர் பாணி பஞ்சாயத்து என்று தொடங்கினார். அடிப்படை விதி ஒன்றுதான். தண்ணீர் நிலத்துக்கு இல்லை, ஆளுக்கு. குடும்பத்தில் தலைக்கு அரை ஏக்கர் நனைகிற அளவு, எத்தனை பேர் இருந்தாலும் இரண்டரை ஏக்கரைத் தாண்டக் கூடாது. இருபது ஏக்கர் வைத்திருப்பவனுக்கும் அதே உச்சவரம்புதான். நிலம் இல்லாதவருக்கும் தண்ணீரில் பங்கு உண்டு. கரும்பு போடக் கூடாது.

அதைவிட எனக்குப் பிடித்தது சாங்லி மாவட்டத்துக் கதை. கானாபூர் வட்டத்தில் ஏரளா என்று ஒரு ஆறு. ஒப்பந்தக்காரர்கள் மணலை அள்ளி அள்ளி ஆறு செத்துக் கிடந்தது. 1980களில் முக்தி சங்கர்ஷ் இயக்கத்துக்காரர்கள், பாரத் பாட்டண்கர் முதலானவர்கள், ஊர்க்காரர்களோடு சேர்ந்து மணல் அள்ளுவதை எதிர்த்தார்கள். எதிர்த்ததோடு நிற்கவில்லை. கொஞ்சம் மணலை நாங்களே விற்றுக்கொள்கிறோம், அந்தக் காசில் அணை கட்டிக்கொள்கிறோம் என்றார்கள். கட்டினார்கள். பளிராஜா அணை என்று பெயர். தண்ணீர்ப் பங்கில் நிலமற்றவர்களுக்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்பதைக் கட்டுகிறபோதே பேசி வைத்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே போராட்டம் ஒரு கட்டம், பராமரிப்பு இன்னொரு கட்டம் என்று பிரியவில்லை. யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு போராட்டத்துக்குள்ளேயே நடந்துவிட்டது. நீங்கள் கருவேலம் வெட்டும்போது அதைப் பேசவில்லை.

#17 பழைய_ஓவர்சியர்

புனேவாசி சொல்வது சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை. அங்கே தண்ணீர் புதிது, புதுத் தண்ணீருக்குப் புது விதி எழுதலாம். இங்கே ஒவ்வொரு மடைக்கும் இத்தனை ஏக்கர் என்று பழைய ஆயக்கட்டுப் பதிவேடு இருக்கிறது. பட்டாதாரரிடம் போய் உன் தண்ணீரில் நிலமில்லாதவருக்கு அரை ஏக்கர் பங்கு என்றால் மண்டை உடையும். இங்கே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைப்பதும் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களை வைத்துத்தான்.

அதனால் தண்ணீரில் கை வைக்காதீர்கள். கண்மாயில் தண்ணீர் தவிர வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். மீன், கரையோரப் பனை, புல், விறகு, வண்டல். இவை எந்த மடைக்கும் சொந்தம் இல்லை. சண்டை இல்லாமல் பங்கு போட இடம் இருக்கிறது.

#18 ஊத்தா

மீன் என்றதும் வந்துவிட்டேன் :) புதுக்கோட்டை.

எங்கள் கண்மாயிலும் ஏலம் விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஏலம் எடுத்தவன் கட்லா, ரோகு குஞ்சு விடுவான், விட்டபிறகு கண்மாய்க்கு அவன்தான் ராஜா. மீன் வளர்கிற வரைக்கும் 'கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும்' என்று மடை திறக்க விட மாட்டான், பிடிக்கிற காலம் வந்தால் விடிய விடிய திறந்துவிடுவான். நண்டு பிடிக்கப் போன பிள்ளைகளைக்கூட விரட்டினான். ஒரு வருடம் ஊரே சேர்ந்து ஏலம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அறுவடை முடிந்து தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் விடிகாலையிலேயே ஊத்தா, கச்சா, தூரி என்று கையில் கிடைத்த மீன்பிடி சாமானோடு கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார், அவ்வளவுதான். விரால் மாட்டியவன் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கு எந்தத் தெருவில் போனாலும் மீன்குழம்பு வாசம். விற்கக் கூடாது என்பது விதி, கொடுக்கலாம்.

அந்த ஒரு நாள் எல்லோருக்கும் கண்மாய் தன்னுடையது என்று தோன்றும். அடுத்த வருடம் கரை உடைப்பு என்று தண்டோரா போட்டபோது நிலமில்லாத வீட்டு ஆள்கள்தான் முதலில் அடைக்க மண்மூட்டையோடு ஓடினார்கள். மீனுக்காக ஓடினார்களா என்று எனக்குத் தெரியாது. ஓடினார்கள்.

#19 பழைய_ஓவர்சியர்

அழகாகச் சொன்னீர்கள். கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஏலம் இல்லை என்றால் ஊருக்கு வரும்படி இல்லை. நீர்க்கட்டிக்கு யார் சம்பளம் கொடுப்பது? அப்புறம், மீன்பாசி உரிமை யார் கையில் இருக்கிறது என்பதும் கண்மாய்க்குக் கண்மாய் வேறுபடும். ஊர் மட்டும் முடிவு செய்துவிட முடியாது, அதிகாரிகளிடமும் எழுதி வாங்க வேண்டும்.

#20 ஊத்தா

சம்பளத்துக்கு எங்களிடம் பதில் இல்லை ஐயா. எங்கள் ஊரில் நீர்க்கட்டியும் இல்லை. மடைச் சண்டையும் உண்டு. மீன்குழம்பு மட்டும் பிரமாதம்.

#21 புனேவாசி

ஹிவரே பஜார் என்ற ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், மராட்டியத்தில் அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டம். அங்கே வருடா வருடம் மழையை அளந்து, இருக்கிற தண்ணீருக்கு என்ன பயிர் என்று கிராம சபையில் கணக்குப் போட்டு முடிவு செய்கிறார்கள். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடத் தடை. வைகைத்தென்கரை, உங்கள் ஊரில் எத்தனை போர்வெல்?

#22 வைகைத்தென்கரை

ஆயக்கட்டுக்குள் இருபத்தியிரண்டு. கண்மாய் நிறைந்தால் அவர்கள் போரிலும் தண்ணீர் ஊறுகிறது. ஆனால் மராமத்துக்கு வரச் சொன்னால் 'எனக்குப் போர் இருக்கு' என்கிறார்கள். போருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சாமி கொடுக்கிறது என்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு கூட்டம் போட்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் சொல்லவில்லை. காலனிக்கும் சேர்த்துத் தண்டோரா போடச் சொல்லியிருக்கிறேன். இடம் கோயில் மண்டபம் இல்லை, கலுங்கடி ஆலமரம். மண்டபத்துக்குள் எல்லோரும் வர மாட்டார்கள் என்பது இந்த இழையைப் படித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்திரண்டு வயது ஆகிறது.

#23 கரிமூட்டத்துக்காரி

பொம்பளைகள் வர வேண்டும் என்றால் சாயங்காலம் நாலு மணிக்கு வைக்காதீர்கள் அண்ணே. ஆடு திரும்புகிற நேரம், தண்ணீர் பிடிக்கிற நேரம். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் வையுங்கள்.

#24 வைகைத்தென்கரை (ஆறு வாரம் கழித்து)

மன்னியுங்கள், மழை பிடித்துக்கொண்டது, எழுத நேரம் இல்லை. கண்மாய் முக்கால் பெருகிவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கூட்டத்துக்கு நூற்று முப்பது பேர் வந்தார்கள். பெண்கள் முப்பதுக்கு மேல். முதல் ஒரு மணி நேரம் கோயில் கணக்குச் சண்டை. அப்புறம் வேலை நடந்தது.

நீர்க்கட்டி இரண்டு பேர். ஒருவர் காலனியில் இருந்து, இன்னொருவர் ஊருக்குள் நிலமில்லாத வீட்டில் இருந்து. மடை மட்டும்தான் அவர்கள் வேலை, வேறு எந்த ஊர் வேலைக்கும் கூப்பிடக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதினோம். பேரன் தம்பி, உங்கள் பதிவைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன், அனுமதி கேட்கவில்லை, மன்னிக்கவும். அப்பா எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பின்னால் உட்கார்ந்தார்.

சம்பளம்: ஏக்கருக்கு 300 ரூபாய். 180 ஏக்கருக்கு 54,000. நாலு மாதம், இரண்டு பேர் என்றால் ஆளுக்கு மாதம் 6,750. குறைவுதான், அவர்களும் சொன்னார்கள். அறுப்பில் ஏக்கருக்கு ஒரு மரக்கால் நெல் சேர்த்துக் கொடுப்பதாகப் பேச்சு. நெல்லை அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், களத்துக்கு வரவழைக்கக் கூடாது. இதைச் சொன்னது காலனியில் இருந்து வந்த ஒரு அக்கா.

மீன்: இந்த வருடம் ஏலம் இல்லை என்று முடிவு. எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. வந்தால் மாசியில் திருவிழா. ஊத்தா, குடும்பத்தோடு வந்துவிடுங்கள்.

கருவேலம்: கண்மாயின் உள்பக்கத்தில் மறுபடி இடுப்பளவு துளிர்த்துக் கிடந்தது. இனி ஜேசிபி இல்லை. காலனிப் பெண்களும் மற்ற நிலமில்லாத வீட்டுக்காரர்களும் காசு இல்லாமல் வெட்டிக்கொள்ளலாம், விறகோ கரியோ அவர்கள் பாடு. தூரோடு எடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கரிமூட்டத்துக்காரி தங்கச்சி, இது உங்களுடையது. மழைக்கு முன்பே ஒரு மூலை சுத்தமாகிவிட்டது. பையன்களும் நானும் நாலு மாதம் படாத பாடுபட்ட வேலை.

நடக்காதது: போர் வைத்திருக்கும் இருபத்தியிரண்டு பேரில் ஒன்பது பேர்தான் 300 ரூபாய்க்குச் சம்மதம். மீதிப் பேர் கூட்டத்துக்கே வரவில்லை. பழைய மீன்பாசிக் கணக்கு இன்னும் வரவில்லை.

இன்னொன்று. முதல் மடை ஷட்டரின் திருகு கைப்பிடி ரொம்ப வருடமாக ஒரு வீட்டுப் பரணில் இருக்கிறது. யார் வீடு என்று ஊருக்கே தெரியும். நீர்க்கட்டி கையில் அது வராத வரைக்கும் தீர்மானம் எல்லாம் காகிதம்தான். ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிவரச் சொல்லியிருக்கிறோம்.

#25 பழைய_ஓவர்சியர்

கைப்பிடி தரவில்லை என்றால் புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம், லேத் பட்டறையில் ஒரு நாள் வேலை. அளவு அனுப்புங்கள்.

#26 கரிமூட்டத்துக்காரி

ஈர விறகில் மூட்டம் போட வேண்டாம் என்று சொல்லுங்கள் அண்ணே. தை வரைக்கும் காயட்டும்.

#27 மடைக்குடும்பன்_பேரன்

வாசித்ததற்கு மன்னிப்பு எல்லாம் வேண்டாம் அண்ணே. ஒன்று மட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு யார் போகிறார்கள்? நீர்க்கட்டி இரண்டு பேரை மட்டும் அனுப்பாதீர்கள்.

#28 வைகைத்தென்கரை

அப்பா வருகிறேன் என்றிருக்கிறார்.